அம்மா வீட்டு அலமாரியில் ஒரு தேன் பாட்டில்

தீபாவளிக்கு மறுநாள் காலை. பாளையங்கோட்டையில் அம்மா வீட்டு அடுக்களையில் தோசைக்குக் காத்திருந்தேன். அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தான். மே மாதக் கடைசியில் நான் குழித்துறையிலிருந்து கொடுத்தனுப்பிய தேன். அடியிலிருந்து பாதி உயரம் வரை வெளுத்துப்போய், ஈர மணல் மாதிரி உறைந்து கிடந்தது. மேலே மட்டும் கொஞ்சம் தேன் நிறம். "ஏட்டி, நீயே பாரு. சீனிப்பாகக் காய்ச்சித் தேன்னு உன் தலையில கட்டியிருக்கான்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. தங்கச்சி ஏமாந்துவிட்டாளே என்ற வருத்தம்தான் குரலில் இருந்தது. அண்ணி, "விடுங்க, தெரியாத ஊரு, அவ என்ன செய்வா" என்றாள். நான் வாயே திறக்கவில்லை.

வாய் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்தத் தேன்காரர் தன் பெட்டிகளுக்குள் சீனிப்பாகு ஊற்றியதை நான் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. சித்திரை முதல் நாள், மதியச் சாப்பாடு முடிந்ததும் அப்பா திண்ணையில் உட்கார்ந்து எல்லாரையும் கூப்பிடுவார். "இந்த வருஷம் புதுசா உனக்கு என்ன பிடிச்சுது, சொல்லு" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். பரீட்சை மார்க்கோ சம்பள உயர்வோ கணக்கில் வராது. ஒரு பழம், ஒரு ஊர், ஒரு பாட்டு, ஒரு வார்த்தை, ஒரு கடை, எதுவானாலும் சரி. அதுவரை தெரியாமல் இருந்து அந்த வருஷத்தில் தெரிந்ததாக இருக்க வேண்டும். கையில் கொண்டுவர முடிகிறதென்றால் கொண்டுவந்து நாலு பேருக்கும் கொடுக்க வேண்டும். அப்பா போய்விட்டார். பழக்கத்தை அம்மா விடவில்லை. நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வருஷம் முழுக்க எழுதிக்கொண்டே வருவேன்.

போன வருஷம் மே மாதம், என் கணவருடைய வேலை மாற்றலில் குழித்துறைக்குக் குடிபோனோம். நூறு கிலோமீட்டர் சொச்சம் தூரம்தான். ஆனால் ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் நிறமே மாறிவிடுகிறது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. அங்கே அந்த மழையும் உண்டு, ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வருகிற மழையும் உண்டு. மேற்கே பத்துப் பதினைந்து நிமிஷப் பயணத்தில் களியக்காவிளை, அதைத் தாண்டினால் கேரளம். நோட்டின் கடைசிப் பக்கம் அந்த வருஷம் போதவில்லை. பின்பக்க அட்டையிலும் எழுதினேன்.

அதே பெயரில் இன்னோர் ஆறு

முதலில் எழுதியது ஆறு. என் ஊர்த் தாமிரபரணி பொதிகையில் பிறந்து, கிழக்கே ஓடி, புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. குழித்துறைப் பாலத்தின் கீழே ஓடுகிற ஆற்றின் பெயரும் தாமிரபரணிதான். கோதையாறும் பறளியாறும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் கூடி, மேற்கே ஓடி, தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலில் விழுகிறது. ஒரே மலைத்தொடரின் தண்ணீர், ஒரே பெயர், போகிற திசை மட்டும் வேறு. பாடப் புத்தகத்தில் படித்த நினைவே இல்லை. பாலத்தில் நின்று பக்கத்தில் இருந்தவரிடம் "இது என்ன ஆறு?" என்று கேட்டு, அவர் "தாமிரபரணி" என்றபோது, வேற்றூர்ச் சந்தையில் சித்தப்பா குரலைக் கேட்ட மாதிரி இருந்தது. ஆடி அமாவாசைக்கு அந்தக் கரையில் வாவுபலி. முன்னோருக்குப் பலி கொடுக்க வருகிற கூட்டம் ஒரு பக்கம், பொருட்காட்சி ஒரு பக்கம். அங்கே வாங்கிய பலா ஒட்டுக்கன்று இப்போது வாடகை வீட்டின் பின்பக்கத்தில் நிற்கிறது. பலா என்று நான்தான் சொல்கிறேன், வீட்டுக்காரம்மா சக்கை என்பார்.

வார்த்தைகளையும் எழுதியிருக்கிறேன். குடிபோன அன்று வீட்டுக்காரம்மா படியேறி வந்து, "மக்களே, வெள்ளம் வேணுமா?" என்று கேட்டார். எங்கள் ஊரில் வெள்ளம் வந்தால் ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார்கள். இங்கே வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். மரவள்ளிக்கு மரச்சீனி, நேந்திரனுக்கு ஏத்தன், வறுத்த தேங்காய் அரைத்த குழம்புக்குத் தீயல். அந்த அம்மாவின் மாமனார் காலத்து நிலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு சேரும் வரை இந்த மண் முதலில் திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி. பத்திரம் மலையாளம், பேச்சு தமிழ், காய்கறிக்குப் பெயர் இரண்டுக்கும் பொது. அவர் பேச்சை நான் காது கொடுத்துக் கேட்டது மாதிரி என் கல்லூரியில் எந்த வகுப்பையும் கேட்டதில்லை.

மட்டிப் பழத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. விரல் நீளம்தான் இருக்கும். தோலை உரிப்பதற்கு முன்பே மணம் வந்துவிடும். அங்கே பிள்ளைகளுக்குப் பாலுக்கு அடுத்தபடியாக முதலில் கொடுக்கிற பழம் அது. கல்குளம், விளவங்கோடு தாலுகா மண்ணில்தான் அந்த மணம் வருகிறது என்பார்கள். 2023-இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் மார்த்தாண்டம் தேனுக்கும் கிடைத்தது. மட்டியை இரண்டு முறை பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகப் பார்த்தேன். இரண்டு முறையும் பஸ் குலுக்கலில் கறுத்து நசுங்கிப் போனது. சில பழங்களை இருக்கிற இடத்துக்குப் போய்த்தான் தின்ன வேண்டும் போலிருக்கிறது.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு நாலு முறை போனேன். 1966-இல் கட்டி முடித்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே, 115 அடி உயரத்தில், கால்வாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஏந்திக்கொண்டு 28 தூண்கள் நிற்கின்றன. கீழே பறளியாறு தன் போக்கில் ஓடுகிறது. மேலே வயலுக்குப் போகிற தண்ணீர் வேறு திசையில் போகிறது. சிதறால் மலையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், தெரளி இலையில் அவித்த கொழுக்கட்டை, களியக்காவிளை பஸ் நிலையத்தில் குடித்த கட்டன் சாயா, இவையெல்லாம் நோட்டில் ஒவ்வொரு வரிதான். தேனுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் போனது. அதில் பாதி, அடித்து அடித்து எழுதியது.

ஆடி மழையில் ஒரு சிரட்டை

தேன்காரரை எங்களுக்குக் காட்டியது வீட்டுக்காரம்மாதான். மார்த்தாண்டத்திலிருந்து உள்ளே போகிற ஒரு சாலையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அவர் வீடு. வயது அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். வீட்டைச் சுற்றிக் கம்பு நட்டு, கம்பின் மேல் பெட்டிகள். எறும்பு ஏறாமல் இருக்கக் கம்பின் அடியில் தண்ணீர்க் கிண்ணம். திண்ணைச் சுவரில் ஒரு மூங்கில் துண்டு தொங்கியது. அதற்குள் கொட்டாத சின்னத் தேனீக்கள், கொசுத்தேனீ. வருஷம் முழுக்கப் பார்த்தாலும் அந்த மூங்கிலிலிருந்து கிண்ணம் நிறையக்கூடத் தேன் வராது. ஒரு சொட்டு நாக்கில் விட்டார். புளிப்பும் இனிப்புமாக, மூக்குக்கு ஏறியது. விற்கக் கேட்டேன், தரவில்லை. பேரப்பிள்ளைக்கு இருமல் வந்தால் கொடுக்க வேண்டுமாம். பெட்டித் தேன் இரண்டு பாட்டில் வாங்கி, ஒன்றைப் பாளையங்கோட்டைக்குக் கொடுத்தனுப்பினேன். "இந்த வருஷம் நான் கண்டுபிடிச்சது" என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தேன். வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஆடி மாதம் இன்னும் ஒரு பாட்டில் வாங்கலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். நாள் முழுக்க மழை. அவர் ஒரு குண்டானில் எதையோ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, உள்ளே ஒரு சிரட்டையில், அதாவது தேங்காய் ஓட்டில், ஊற்றிக்கொண்டிருந்தார். தேனீ விழுந்து சாகாமல் பிடித்து நிற்க, சிரட்டைக்குள் குச்சித் துண்டுகள். என்ன அண்ணாச்சி என்று கேட்டேன். "சீனிவெள்ளம் மக்களே" என்றார், மறைக்கிற எண்ணமே இல்லாமல். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். தேன் வேண்டும் என்று கேட்கவில்லை. வழியெல்லாம் அந்தக் குண்டான் கண்ணிலேயே நின்றது. சீனி உள்ளே போனால் வெளியே வருவதும் சீனிதானே? வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. கண்டுபிடிப்பு என்று சீட்டு ஒட்டி அனுப்பியாயிற்று.

ஆகவே தீபாவளிக்கு அண்ணன் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தபோது, அவன் சொன்னது எனக்குப் புதிதில்லை. மூன்று மாதமாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை அவன் சத்தமாகச் சொன்னான், அவ்வளவுதான். அம்மா அந்த பாட்டிலைக் கொட்டிவிடாமல், துடைத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "அவ ஆசையா அனுப்புனது" என்றாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. தேன் பொய்யாகிப் போனாலும் மகளின் ஆசை மெய்தானே என்று அம்மா இரண்டையும் பிரித்து எடுத்துக்கொண்டாள். எனக்கு அப்படிப் பிரிக்க வரவில்லை. பிடித்த ஒன்றை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது, என் நாக்கை, என் கண்ணை, நான் நம்பிய ஆளை, எல்லாவற்றையும் சேர்த்துத்தானே கொடுக்கிறேன். அதில் ஒன்று பொய் என்றால் மற்றவை எப்படி நிற்கும்?

அண்ணி நல்ல மனதோடு நிறைய சோதனைகள் சொன்னாள். தண்ணீர் டம்ளரில் விட்டால் நூலாக இறங்க வேண்டும், தீக்குச்சியைத் தோய்த்துப் பற்றவைத்தால் எரிய வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது. என்னிடம் மிச்சமிருந்த தேனில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். தண்ணீரில் நூலாக இறங்கியது. அப்புறம் கெட்டியான சீனிப்பாகை விட்டேன், அதுவும் நூலாகத்தான் இறங்கியது. எறும்பு இரண்டையும் விடவில்லை. டம்ளரிலும் தீக்குச்சியிலும் தெரியக்கூடிய விஷயம் இல்லை இது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி எல்லாம் போனது. தேன்காரர் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன்.

ரப்பர் இலை

தை பிறந்து கொஞ்ச நாளில் ரப்பர் தோட்டங்கள் எல்லாம் மொட்டையாக நின்றன. இலை முழுக்க உதிர்ந்து, காலடியில் சருகு. நான் அதுவரை ரப்பர் மரத்தைப் பச்சையாகத்தான் பார்த்திருந்தேன். பிறகு ஒரு வாரத்தில் செம்பு நிறத்தில் தளிர் விட ஆரம்பித்தது. வீட்டுக்காரம்மா, "இனி தேன் தொடங்கும்" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குப் புரியவில்லை. பூவே இல்லையே, எப்படித் தேன் தொடங்கும்? அந்தக் கேள்விதான் என்னைத் திரும்ப அந்தத் திண்ணைக்குக் கொண்டுபோய் விட்டது.

காலை ஏழரை மணி இருக்கும். தேன்காரர் பெட்டியிலிருந்து தேனடைச் சட்டங்களைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில் உறைந்தது, அண்ணன் சொன்னது, ஆடியில் நான் பார்த்த சிரட்டை. அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "வா மக்களே" என்று எழுந்தார். தோட்டத்து ஓரத்தில் ஒரு இளமரம். தாழ்ந்த கொப்பு ஒன்றை வளைத்துப் பிடித்தார். ரப்பருக்கு ஒரு காம்பில் மூன்று இலை. அந்த மூன்றும் சேருகிற இடத்தில், காம்பின் நுனியில், ஒரு சொட்டு நின்றது. ஊசி முனையைவிடக் கொஞ்சம் பெரியது, வெயில் பட்டு மின்னியது. "தொட்டு நாக்குல வையி" என்றார். வைத்தேன். தேன்.

அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கொப்பு கொப்பாக, இலை இலையாகப் பார்த்தேன். ஒவ்வொரு தளிர்க் காம்பிலும் அந்தச் சொட்டு. தலைக்கு மேலே தோட்டம் முழுக்க ஒரே இரைச்சலாக ஈக்கள். ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவது இல்லை. இளம் இலையின் காம்பு நுனியில் ஊறுகிற தேனைத்தான் ஈ எடுக்கிறது. இலை முற்றினால் ஊற்று நின்றுவிடும். அதனால் தை பாதியில் தொடங்கிப் பங்குனி வரை, இரண்டு இரண்டரை மாதம்தான் சீசன். நாற்பது வருஷமாகத் தேன் என்றால் பூ என்று நினைத்திருந்தேன். என் பாட்டிலில் இருந்தது இலையின் தேன்.

திண்ணையில் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். ஆனியிலிருந்து ஆவணி வரை மழை. ஈ வெளியே போக முடியாது, போனாலும் ஒன்றும் கிடைக்காது. "பட்டினி கெடந்தா பெட்டிய விட்டுட்டுக் கூட்டமாப் போயிரும். சீனிவெள்ளம் அதுக்குக் கஞ்சி. பஞ்சத்துல பிள்ளைக்குக் கஞ்சி ஊத்துத மாதிரி. அத அதுவே குடிச்சுத் தீத்திரும், சேத்து வைக்க மிஞ்சாது." தளிர் விட ஆரம்பித்தால் அவர் சீனி கொடுப்பதை நிறுத்திவிடுவார். சீசனிலும் ஊற்றி எடை ஏற்றுகிற ஆட்கள் உண்டா என்று கேட்டேன். "உண்டு" என்றார் தயங்காமல். "எவன் ஊத்துதான், எவன் ஊத்தலைன்னு பாட்டிலப் பாத்துச் சொல்ல முடியாது. ஆளப் பாக்கணும், பெட்டியப் பாக்கணும். நீ பாத்துட்டியே." உறைவதற்கும் விளக்கம் சொன்னார். ரப்பர்த் தேனில் குளுக்கோஸ் அதிகம், அது சீக்கிரம் பிரிந்து மணலாகிவிடும். அடுப்பில் வைக்கக் கூடாது. கை பொறுக்கிற சூட்டுத் தண்ணீரில் பாட்டிலை இறக்கி வைத்தால் பழையபடி இளகிவிடும். "ஒறையும்னு வாங்குறப்பவே சொல்லியிருக்கணும். எனக்க தப்பு" என்றார். அவர் தப்பு இல்லை. நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஆடி மாதமே முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

அந்தத் தொழிலை அவர் அப்பாவிடமிருந்து கற்றவர். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் கிராம மேம்பாட்டு மையம் நடத்தினார். கொஞ்ச நிலம் உள்ள குடும்பங்களுக்கு அங்கே கற்றுக்கொடுத்த தொழில்களில் பெட்டியில் தேனீ வளர்ப்பதும் ஒன்று. அப்படி வீட்டுக்கு வீடு பரவியது. 1991, 92-இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து, புழுக்கள் பை மாதிரி ஊதி அடையிலேயே செத்தன. தென்னிந்தியாவில் வளர்த்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. அவரிடம் நாற்பதுக்கு மேல் பெட்டி இருந்ததாம். மிஞ்சியது இரண்டு. "அப்பமும் மழைக்குக் கஞ்சி ஊத்துனேன், அந்த ரெண்டுக்கு" என்றார். இன்று சுற்றி நிற்கிற பெட்டிகள் எல்லாம் அந்த இரண்டிலிருந்து பிரித்துப் பிரித்து வந்தவை. எந்தச் சிரட்டையை நான் மோசடி என்று நினைத்துப் பாதி வருஷம் முகம் திருப்பிப் போனேனோ, அந்தச் சிரட்டையில்தான் அந்தக் கூட்டங்கள் உயிர் பிழைத்திருந்தன.

நோட்டில் அடித்ததை எல்லாம் அன்று ராத்திரி திரும்ப எழுதினேன். பிடித்த ஒன்றைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதன் கதையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இப்போது உறுதியாகத் தோன்றுகிறது. மட்டி பஸ்ஸில் நசுங்கும். தேன் உறையும். தீயல் முதல் வாயில் கசக்கும். இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லாமல் கையில் திணித்துவிட்டு, ஏன் அவர்களுக்குப் பிடிக்கவில்லை என்று வருத்தப்பட்டு என்ன செய்ய? அப்பா ஏன் பொருளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாமல் "சொல்லு, சொல்லு" என்று பேச வைத்தார் என்பதும் இப்போதுதான் புரிகிறது.

சித்திரை

இந்தச் சித்திரைக்குப் புதுத் தேன் இரண்டு பாட்டில் கொண்டுபோனேன். கூடவே, ஈரத் துணியில் சுற்றி ஒரு ரப்பர்க் கொப்பு. தளிர்க் காலம் முடிந்திருந்தது, சொட்டு இல்லை. ஆனால் காம்பு நுனியில் மூன்று இலையும் சேருகிற இடத்தில் அந்தச் சின்ன மேட்டைக் காட்ட முடிந்தது. திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சிரட்டையிலிருந்து தொடங்கினேன், என் சந்தேகத்தையும் மறைக்காமல் சொன்னேன். அண்ணன் இலையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்தப் பழைய பாட்டில எடு, இளகுதான்னு பாப்போம்" என்றான்.

அம்மா பாத்திரத்தில் வெந்நீர் எடுத்து வந்தாள். நான் அலமாரியின் மேல்தட்டில் கையை நீட்டி பாட்டிலை எடுத்தேன். எடையே இல்லை. அடியில் ஒரு விரல் அளவுக்குக்கூட மிச்சம் இல்லை, சுரண்டிய கோடுகள் மட்டும் இருந்தன. அண்ணன் மகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எட்டு வயது. எல்லாரும் அவளைப் பார்த்தோம்.

"கல்கண்டு மாதிரி இருந்துச்சு அத்தை" என்றாள். "புதுசு எப்ப உறையும்?"